தூசிக்குக் கொடுத்த வெல்லம்

மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். சேலத்துக்கு வெளியே, கல்நார் இடிக்கும் கொட்டகையில் நான் மேஸ்திரி. இடித்தால் பஞ்சு போலப் பிரியும் கல் அது. வெல்லம் தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சொல்லி, வேலை முடிந்ததும் பெண்களுக்கு ஆளுக்கோர் அச்சு வெல்லம் கொடுப்பேன். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்ட பாவாயியை ஒருநாள், "வெல்லந்தான் தாரனே, அப்புறம் எதுக்கு இந்த வேசம்?" என்று அதட்டி அவிழ்க்க வைத்தேன்.

சில வருஷத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன்.

"வெல்லம் வயித்துக்குத்தான்யா போகும். தூசி போறது நுரையீரலுக்கு," என்றார் டாக்டர். "உள்ளே வர்ற கிருமியைத் தின்னு நம்மைக் காப்பாத்துற அணுக்கள் அங்கே இருக்கு. இந்தக் கல்நாரைத் தின்னப் பார்த்து அதுங்களே செத்துப்போகுது. அந்த இடமெல்லாம் புண்ணாகித் தழும்பேறிடுது. மூக்கைக் கட்ட வேண்டாம்னு யார் சொன்னது?"

பாவாயி முந்திக்கொண்டாள்: "மேஸ்திரி மேல குத்தமில்லீங்க சாமி. ஒரு நாளும் அவரு வெல்லங் கொறைச்சதில்லீங்க."

என் தோளில் துண்டு கிடந்தது. கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் அதை மூக்கில் கட்டிக்கொண்டுதான் போவேன். அந்த வெல்லத்தை நான் ஒருநாளும் வாயில் போட்டதில்லை.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.