நூற்று நாற்பத்தேழாம் பக்கம்

புஷ்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே ஒரு சொல்லை மட்டும் பார்த்ததும் தெரிந்துகொள்வார். அல்லாஹ்வின் பெயர். ஹாஜி மாத்தியின் தேநீர்க் கடையில் கூட்டிப் பெருக்கி கிளாஸ் கழுவுகிற வேலை அவருக்கு. தரையில் கிடக்கிற ஒவ்வொரு தாளையும் எடுத்துப் பார்ப்பார். அந்தப் பெயர் இருந்தால், அது சீரகம் மடித்துக் கொடுத்த செய்தித்தாளாகவே இருக்கட்டும், முத்தமிட்டு நெற்றியில் ஒற்றி, யார் காலும் படாத ஒரு சுவர் இடுக்கில் செருகி வைப்பார். எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். நாங்கள் கண்ணில் பட்டால் செய்வோம், அவர் தேடிப் போய்ச் செய்வார். எங்கள் ஊர் ஐன் ஸித்ராவின் சுவர்கள் இடியாமல் நிற்பதே புஷ்தா செருகின தாள்களால்தான் என்று கேலி பேசுவோம்.

நான் அதே தெருவில் பொது அடுப்பு வைத்திருக்கிறேன். பெண்கள் பிசைந்து அனுப்புகிற மாவை ரொட்டியாகச் சுட்டுக் கொடுப்பேன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான்.

எங்கள் பழைய தபால்காரரின் மகன் காசாபிளாங்காவில் குடியேறி ஒரு நாவல் எழுதினான். ஊர்ப் பெயரை மாற்றியிருந்தான். ஆனால் அதில் வருகிற கிணறு எங்கள் கிணறு. பள்ளிவாசல் மினாரா உச்சியில் கூடு கட்டிய நாரை எங்கள் நாரை. அப்படியென்றால் மனிதர்கள் மட்டும் வேறு யாராம்? கள்ளத் தொடர்பு, திருடப்பட்ட நிலம், மூடி மறைத்த பிள்ளைப்பேறு என்று ஒன்று விடவில்லை. இமாம் வெள்ளிக்கிழமை ஜுமுஆ உரையில், அந்தப் புத்தகத்தைப் படிக்கக் கூடாது என்றார். அதற்குப் பிறகுதான் கூட்டம் சேர்ந்தது.

ஊரில் இருந்தது ஒரே ஒரு பிரதி. வாத்தியார் லஹ்பீப் கொண்டுவந்தது. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ஹாஜி கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். படித்து முடித்து அலமாரியில் வைப்பார். மலிவான பசை போட்டு ஒட்டிய புத்தகம், தாள்கள் கழன்று கழன்று விழும்.

ஒருநாள் இப்படிப் படித்தார். "வெள்ளிக்கிழமை காலை, அங்கியின் முக்காட்டைத் தலையில் இழுத்துவிட்டு, அந்த விதவை வீட்டுக் கொல்லை வழியாக வெளியே வந்தவர் வேறு யாருமல்ல..."

எதிர்ப் பக்கத்துக்குக் கண்ணை நகர்த்தினார். அடுத்து இருந்தது நூற்று நாற்பத்தொன்பதாம் பக்கம்.

யாரும் தேநீரைத் தொடவில்லை. எங்கள் ஊரில் அப்போது பதினோரு விதவைகள்.

"புஷ்தா!" என்று கூப்பிட்டார் ஹாஜி.

"ஆமா ஹாஜியாரே, நான்தான் எடுத்தேன். காலடியில கிடந்துச்சு. படைச்சவன் பேரு இருந்துச்சு. சுவத்துல வச்சுட்டேன்."

"எந்தச் சுவத்துல?"

"சொல்ல மாட்டேன். சொன்னா மறுபடி இந்த அசிங்கத்துக்குள்ள கொண்டுபோய் வைப்பீங்க."

எல்லாருக்கும் தெரிந்த புஷ்தாதான். ஆனாலும் அன்றைக்கு யாரும் அதை நம்பவில்லை.

"படிக்கத் தெரியாதவனாம், சரியா அந்தத் தாளை மட்டும் எடுத்தானாம்!" என்றான் நாவிதன் ஸல்லாம். "அண்ணே, எவனோ சொல்லிக் கொடுத்து எடுத்திருக்கான். இவனுக்கு யாரு சோறு போடுறாங்கன்னு பாருங்க, கொல்லை வழியா வந்தவன் யாருன்னு தெரிஞ்சுடும்."

எல்லாக் கண்ணும் ஹாஜி பக்கம் திரும்பியது. மறுநாளே ஹாஜி புஷ்தாவை வேலையை விட்டு நிறுத்தினார். வேறு என்ன செய்வார்? வைத்திருந்தால் அந்தப் பக்கம் அவருடையது என்று ஆகிவிடும்.

நான் எனக்குக் கூலியாக வந்த ரொட்டியில் வழக்கம்போல இரண்டு எடுத்துப் புஷ்தா மனைவி ஷாமா கையில் கொடுத்தேன். அன்று மதியம் என் மனைவி அடுப்பங்கரையிலிருந்தே கேட்டாள்.

"உங்களுக்கு என்னத்துக்கு இந்த அக்கறை?"

"பாவம், வேலை போச்சே."

"ஊர்ல வேற யாருக்கும் பாவமாத் தெரியல. உங்களுக்கு மட்டும் தெரியுது. ஏன்?"

ஒரு விதவை வீட்டுக்கு நானும் ஒரு வெள்ளிக்கிழமை ரொட்டிப் பலகை கொண்டுபோனேன். மழை, முக்காடு போட்டிருந்தேன். முன்வாசலில் நாய் படுத்திருந்ததால் கொல்லை வழியாகத்தான் வந்தேன். அவ்வளவுதான் விஷயம். ஆனால் தபால்காரர் மகன் அன்றைக்கு எந்த ஜன்னலில் நின்றானோ?

மறுநாள் ஷாமா வந்தபோது, "இன்னைக்கு மிச்சமில்ல தங்கச்சி" என்றேன். அவள் என் பின்னால் அடுக்கியிருந்த ரொட்டிகளைப் பார்த்துவிட்டுப் போனாள்.

வேலை போன பதின்மூன்றாம் நாள் அஸர் முடிந்து நாங்கள் கடைக்கு வரும்போது புஷ்தா வாசலில் நின்றிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஹாஜியாரே, வேலை வேணும். வீட்டுல மாவில்ல. தாளைத் தர்றேன்."

சொல்லிவிட்டு நேராக நடந்தார். எங்கே போகிறார் என்று பார்த்தால், என் அடுப்புக்கு! அதன் வாயை ஒட்டிய சுவரில், மேலிருந்து மூன்றாம் வரிசைச் செங்கல்லுக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்தார். மழை படாத, சூடான இடம் என்று அங்கே வைத்தாராம். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கீழே பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கடைக்குத் திரும்பி வந்து, தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னார்.

"படிச்சுக்குங்க. ஆனா படைச்சவன் பேரு இருக்கு. ஒளு செஞ்சு சுத்தமா உள்ளவங்க கையிலதான் தருவேன். வாத்தியாரே, இந்தாங்க."

வாத்தியார் புத்தகத்தை மூடினார். "எனக்கு... ஒளு இல்லை."

"ஸல்லாம், நீ?"

"எனக்கா? இப்பத்தான் காத்துப் பிரிஞ்சு முறிஞ்சுச்சு. வயிறு சரியில்ல."

யாரோ சிரிக்கப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஹாஜியாரே?"

ஹாஜி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே தலையாட்டி மறுத்தார்.

ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவருக்கும் ஒளு இல்லை. தொழுகைக்காக முகம் கைகால் கழுவி ஒளு செய்து, ஒரே வரிசையில் நின்று தொழுது, நேராக இங்கே வந்தவர்கள். அதற்குள் அத்தனை பேருக்கும் முறிந்துவிட்டதாம்.

கடைசியாக என்னிடம் வந்தார். "உங்களுக்காவது கொஞ்சம் படிப்பு உண்டே?"

"இல்ல புஷ்தா" என்றேன். அவர் என் அங்கியின் கையைப் பார்த்தார். அது முழங்கை வரை இன்னும் ஈரமாக இருந்தது. அந்தப் பார்வைதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. படைத்தவன் மன்னிப்பான் என்று நம்புகிறேன்.

தாளை என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற அவரிடம் ஹாஜி எரிந்து விழுந்தார். "எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வச்சுட்டு சீக்கிரம் வா. அங்க தண்ணி கொதிச்சு வழியுது, கிளாஸ் அத்தனையும் கழுவாமக் கிடக்கு!"

புஷ்தா போய் வைத்துவிட்டு வந்து கிளாஸ் கழுவினார். அதன் பிறகு வாத்தியார் அந்தப் புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுவரவில்லை. மறுநாள் விடிந்ததும் நான் நாலு ரொட்டி எடுத்துக்கொண்டு, தெருவே பார்க்க, முன்வாசல் வழியாகப் புஷ்தா வீட்டுக்குப் போனேன். ஷாமா வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை.

தாள் என் சுவரில்தான் இருக்கிறது. ரொட்டி தள்ளும்போது கை நீட்டினால் எட்டும். ஒளுவோடுதான் நான் வேலை செய்வேன். இதுவரை நீட்டவில்லை.