இரண்டாம் முறை கூப்பிடுவது

என் கையெழுத்து கோணலானது. எழுத்துப்பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வாகரைப் பக்கத்துக் கடற்கரை வேடன். பேர்லினில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை. இங்குள்ள தமிழர் ஊர் கேட்டால் மட்டக்களப்பு என்று சொல்லி அதோடு நிறுத்திவிடுவேன். வேடன் என்றால் வில்லு எங்கே என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

இங்கே நொய்கெல்ன் பகுதியில் ஒரு தமிழ்க் கடைக் கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஒரு ஜெர்மன் படத்துக்குத் தமிழ் பேசும் வேடர் ஒருவர் தேவை, நடித்துப் பழக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் போகாவிட்டால் வேறு யாரோ உடம்பில் கரி பூசிக்கொண்டு வேடனாக நிற்பார். அந்த நினைப்பு விடாமல், அதிலிருந்த எண்ணுக்குப் பேசிப் பெயர் கொடுத்தேன்.

மனைவிக்குச் சொன்னேன்.

"கோயில்லயே தூணுக்குப் பின்னால நிக்கிற ஆள், படத்தில எப்பிடி நிக்கப் போறீங்க?" என்றாள்.

படக்காரர் நடிகர் தேர்வுக்கு முன் என்னை ஒரு நடிப்பு ஆசிரியையிடம் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு இங்கே பிறந்த பெண்.

"அண்ணை, கமெராவைப் பாக்காதேங்கோ. என்ர முகத்தைப் பாருங்கோ."

"ஏலாது, பிள்ளை."

"அப்ப என்ர காதுத் தோட்டைப் பாருங்கோ. கமெராவுக்கு வித்தியாசம் தெரியாது."

தோட்டைப் பார்த்தே பழகினேன். நிற்கும் இடத்துக்கு அடையாளமாகத் தரையில் ஒட்டிய நாடாவில் குனிந்து பாராமல் வந்து நிற்கவும், வசனம் மறந்தால் நிறுத்தாமல் மூச்சுவிட்டுத் தொடரவும் சொல்லித் தந்தாள். கூட்டத்துக்குக் கத்தாமல், பக்கத்தில் நிற்பவரோடு பேசுவதுபோலப் பேசவேண்டும் என்றாள். அது எனக்குச் சுகமாக வந்தது. நான் ஒருநாளும் கத்தியவன் இல்லை.

காட்சி இதுதான். கடலுக்குப் போன தம்பி திரும்பவில்லை. அண்ணன் கரையில் நின்று, செத்துப்போன பெரியவர்களைத் துணைக்குக் கூப்பிடுகிறான். கூப்பிடும் சொற்களை எழுதாமல், 'உங்கள் முறைப்படி' என்று விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதை விளையாட்டுக்குச் சொல்வதில்லை. பயிற்சியில் அந்த இடம் வந்தால் சொற்களுக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். ஆசிரியை விழுந்து விழுந்து சிரிப்பாள்.

தேர்வு அறைக்குள் போய் நாடாவில் நின்றேன். ஆளெடுக்கும் ஜெர்மன்காரி கமெராவுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஆசிரியை எதிரே நின்று காட்சியில் அண்ணனோடு பேசுபவரின் வசனத்தை வாசித்தாள். நான் தோட்டைப் பார்த்தேன். அந்த இடம் வந்தபோது எண்ண மனம் வரவில்லை. உண்மையாகவே கூப்பிட்டுவிட்டேன். கை மயிர் எழுந்து நின்றது.

ஜெர்மன்காரி கண்ணைத் துடைத்தாள். பிறகு, "நொஹ் மால்," என்றாள். இன்னொருக்கா.

கூப்பிட்டு வந்த பெரியவர்களை வழியனுப்பாமல் மறுபடி கூப்பிடக்கூடாது. படம் என்றால் திரும்பத் திரும்ப எடுப்பார்கள் என்று தெரிந்தும், இதை நான் யோசிக்கவே இல்லை.

"அண்ணை, சும்மா சொல்லுங்கோ. நடிப்புத்தானே," என்று ஆசிரியை காதோடு சொன்னாள்.

"நடிப்புத்தான், பிள்ளை. கூப்பிட்ட ஆக்களுக்கு அது தெரியாதே."

வெளியே வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். ஜெர்மன்காரி மணிக்கூட்டைப் பார்த்தாள். சரி, இத்தோடு போயிற்று என்று நினைத்தேன். ஆனாலும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கேட்டேன். மூலையில் தெளித்து, வழியனுப்பும் சொற்களை மெதுவாகச் சொன்னேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு நாடாவில் வந்து நின்று மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் தரமும் கேட்டார்கள். மூன்றாம் தரமும் தண்ணீர் தெளித்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணை, உங்களைத்தான் எடுத்திருக்கினம்! ஒரு கேள்வி கேக்கினம். வழியனுப்ப ஒவ்வொருக்காவும் எவ்வளவு நேரம் வேணும்? அதையும் சேர்த்துத்தான் படம் எடுக்கிற அண்டைக்கு நேரம் போடுவினமாம்."

"ஒரு சிகரெட் குடிச்சு முடியிற நேரம்," என்றேன்.

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. அவ்வளவு நேரமும் வேலையாட்கள் எல்லாரும் கைகட்டி நின்று என்னையே பார்ப்பார்களே. நாளைக் காலை படப்பிடிப்பு. போய் நிற்கத்தான் போகிறேன்.

பேர்லின், ஞாயிறு, 17 நவம்பர் 2024