ஒரு தடவை கூப்பிட்டால்

பேய் உலாவுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. அதைத் தேடிப் போகிறவர்தான் வாங்க வேண்டும். இந்த எளிய உண்மையை அந்த மூவருக்கும் விளக்க எனக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் பிடித்தது.

வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்ற பின், கொல்லிமலையில் வாசலூர்பட்டி ஏரிக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். காலைப் பலகாரம் பக்கத்துத் தங்கும் விடுதியில். அரியூர் நாட்டுக்காரர்களான ஒரு கணவனும் மனைவியும் அதை நடத்துகிறார்கள். அவர் மிளகுக் கொடிகளையும் விருந்தினர்களையும் பார்த்துக்கொள்வார். அந்தம்மா அடுப்பையும் அவரையும் பார்த்துக்கொள்வார்.

அந்த மூவரும் பட்டணத்திலிருந்து வந்திருந்தார்கள். தாடி வைத்த தலைவர், ஒரு கேமராக்காரர், கருவிகளைச் சுமக்கும் ஒரு பெண். பழைய கோட்டை, பாழடைந்த ஓட்டல், போர் நடந்த வெளி என்று தேடிப்போய் ஆவிகளைப் படம் பிடித்துக் காணொளியாகப் போடுவது அவர்கள் தொழில். விடுதிக்குப் பின்னால் காட்டு விளிம்பில் ஒரு சரிவு இருக்கிறது. சாய்ந்தும் புதைந்தும் கிடக்கும் கற்கள். இந்த மலையை ஆண்ட மன்னனின் படை அங்கேதான் விழுந்தது என்பார்கள். பனி இறங்கினால் குதிரைக் குளம்படி கேட்குமாம். வனத்துறையின் சம்மதம் இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது என்றேன். எரிச்சலோடு போய் வாங்கி வந்தார்கள். அதுவரை எல்லாம் முறைப்படி.

சம்மதம் வாங்கிய மறுநாள் காலை, இட்லிக்கு நடுவில் தாடிக்காரர் விடுதிக்காரரைக் கிளறினார்.

"அண்ணா, அங்க நீங்க எதாவது பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்லீங்க. கேட்டிருக்கறனுங்க. மஞ்சு எறங்குச்சுன்னா கூப்புடுமுங்க. நமக்குத் தெரிஞ்சவங்க கொரல்லயே கூப்புடும். ஆனா ஒருக்காத்தான். பதிலுக்கு ஏன்னு கேட்டமுன்னா போச்சு."

"அப்ப மனுஷன் கூப்பிட்டா?"

"மனுசன் மூணு தடவ கூப்புடுவானுங்க. பேயிக்கு அத்தன பொறும ஏதுங்க?"

அந்தம்மா சட்னியோடு வந்தார். "இவுரு பட்டப்பகல்லயே நான் மூணு தடவ கூப்ட்டாத்தான் திரும்புவாரு. அப்ப நான் ஆருங்க சாமி?"

எல்லோரும் சிரித்தோம். நானும் என் பங்குக்கு, எங்கள் அலுவலகத்திலும் அதே வழக்கம்தான், முதல் நினைவூட்டலுக்குப் பதில் எழுதியவரை நான் கண்டதில்லை என்றேன்.

மதியம் கழித்து விடுதிக்காரர் அவர்களுக்கு வழிகாட்டப் போனார். தேநீர் வேளையில் மூவர் மட்டும் திரும்பி வந்தார்கள். அந்தம்மா அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் வெள்ளையாகப் பனி மட்டுமே இருந்தது.

"எங்கீங்க அவுரு?"

தாடிக்காரர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். ஒலிபெருக்கியில் போர் முரசும் குதிரைச் சத்தமும் ஓடவிட்டு, "இங்க யாராவது இருந்தா ஒரு சத்தம் குடுங்க" என்று ஆவிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். விளக்கு ஒன்று சரிவில் உருண்டிருக்கிறது. எடுத்து வருகிறேன் என்று விடுதிக்காரர் இறங்கினார். அதற்குள் பனி மூடிவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. பயந்து வந்துவிட்டார்கள்.

"ஆவிய ஓடி ஓடித் தேடுவீங்க, உசுரோட போன மனுசன வுட்டுப்போட்டு வந்துருவீங்களா?" என்றார் அந்தம்மா. குரல் உயரவில்லை. கை மட்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

விடுதிக்காரரின் கைபேசி சமையலறையில் சார்ஜில் கிடந்தது. தீயணைப்பு நிலையத்துக்கு நான் பேசினேன். கிளம்புகிறோம் என்றார்கள், ஆனால் கீழேயிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இந்தப் பனியில் ஏறி வருவதற்குள் இருட்டிவிடும். மேற்கே இடி உருண்டது. அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தச் சரிவுக்கு அடீல ஓடை இருக்குதுங்க. மேல மழ பேஞ்சா தண்ணி சொல்லாம வரும்."

பக்கத்துத் தோட்டத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள், அந்தம்மாவின் உடன்பிறந்தவர்கள். எல்லோருமாக ஏழு பேர். காணாமல் போனவரைத் தேடும் முறையைப் பயிற்சி வகுப்புகளில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நானும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோரும் சேர்ந்து கத்தக் கூடாது. வரிசையாகப் பிரிந்து நிற்க வேண்டும். ஒருவர் ஒருமுறை அழைக்க வேண்டும்; மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். பிறகு அடுத்தவர். பிறகு வரிசை முழுவதும் சற்றே இறங்க வேண்டும்.

பனிக்குள் நுழைந்ததும் பக்கத்தில் நின்றவர் நிழலானார், நிழலும் போயிற்று. குரல்கள் மட்டும் மிஞ்சின.

"அண்ணா!" என்றது தாடிக்காரரின் குரல். அமைதி. இலைகளிலிருந்து நீர் சொட்டியது.

"மாப்ளே!" இது மூத்தவர். அமைதி.

"மச்சே!" இது இளையவர்.

"ஏனுங்க!" என்று அந்தம்மா அழைத்தபோது மட்டும் அமைதி நீண்டது.

இறங்கினோம். ஒரு கல் என் முழங்காலில் இடித்தது. சாய்ந்த கல், அதன் மேல் பாசி. கீழே எங்கோ ஓடையின் சத்தம் மெலிதாக ஆரம்பித்திருந்தது. மீண்டும் வரிசையாக அழைத்தோம். பதில் இல்லை. மீண்டும் இறங்கினோம். சத்தம் சற்றே கனத்திருந்தது; நினைப்புத்தானோ என்று நின்று கேட்டேன். நினைப்பு இல்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, மிகப் பக்கத்தில், "ஐயா" என்று ஒரு குரல்.

ஒரு முறைதான்.

எனக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. வரிசையைப் பிரித்தவனே நான். ஆனால் இதையெல்லாம் யோசிப்பதற்கு முன்பே என் உதடுகள் ஒட்டிக்கொண்டன. கழுத்து திரும்ப மறுத்தது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். இரண்டாவது அழைப்புக்காகக் காத்து நின்றேன். என் ஊர் மலையடிவாரம். அந்தி மயங்கியபின் ஒற்றைக் குரலுக்கு வாய் திறக்காதே என்று சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்திருந்தார்கள். அதற்குப் பின் படித்த படிப்பு, எழுதிய தேர்வுகள், போட்ட கையெழுத்துகள் எல்லாம் அந்தச் சோற்றுக்கு மேலேதான் மிதந்துகொண்டிருந்தன போலிருக்கிறது.

இரண்டாவது அழைப்பு வரவில்லை.

அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. ஓய்வூதியம் வாங்கும் நானே வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். காலையில் இட்லி தின்றுகொண்டே அந்த விதியை எங்களுக்குச் சொன்ன மனிதர், இந்தக் கற்களுக்குக் கீழே கிடந்தால் என்ன செய்வார்? ஏழு குரல், ஏழு விதமான முறைவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொன்றும் ஒரு முறை. பிறகு சத்தமில்லை. பேய் எப்படிக் கூப்பிடும் என்று அவர் சொன்னாரோ, அதே மாதிரி அச்சுப் பிசகாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அம்மா!" என்று கத்தினேன். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று முறை கத்தினேன். "நின்ன எடத்துலயே நில்லுங்க. நீங்க மட்டும் கூப்பிடுங்க. மூணு தடவ!"

பிறகு நெற்றியில் அறைந்துகொள்ளும் சத்தம் பனிக்குள் தெளிவாகக் கேட்டது. "அட சாமி! எனக்குத் தோணாமப் போச்சே!"

"ஏனுங்க!"

ஓடை இரைந்தது.

"ஏனுங்க!"

தாடிக்காரரின் குரல் ஏதோ சொல்ல ஆரம்பித்தது. "பேசாதீங்க" என்றேன்.

"ஏனுங்க!" மூன்றாவதில் அந்தம்மாவின் குரல் உடைந்தது.

கீழே, இடது பக்கத்திலிருந்து, நாங்கள் நின்ற இடத்துக்குச் சற்றே அடியில், களைத்துப்போன ஒரு குரல் கேட்டது.

"இங்கதான் கெடக்கறேன். காலு போச்சு. வெரசா வாங்க, தண்ணி ஏறுது."

பாறை இடுக்கில் கால் மாட்டி முறிந்திருந்தது. தண்ணீர் இடுப்பைத் தொட்டிருந்தது. அவருடைய மைத்துனர்கள் இருவரும் இறங்கிக் காலை விடுவித்தார்கள். கேமராக்காரர் கேமராவைக் கல்லின் மேல் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார், அது அவர் கணக்கில் வரவு. கொண்டுபோயிருந்த போர்வையில் கிடத்தி மேலே தூக்கி வந்தபோதுதான் நாங்கள் நின்ற சரிவின் அடியில் வெள்ளம் செம்மண் நிறத்தில் புரண்டது.

விடுதித் தாழ்வாரத்தில் வைத்துத்தான் அந்தம்மா கேட்டார். "இத்தன பேரு தொண்ட கிழியக் கத்தினமே, காதுல வுழுகலீங்களா?"

"வுழுந்துச்சு. எல்லாரும் ஒருக்கா ஒருக்காத்தான கூப்ட்டீங்க." அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார். "மொதல்ல இந்தத் தம்பி கொரலு. அப்பறம் மச்சானுங்க. ஊரு கொரலையெல்லாம் எடுத்துக்கிட்டு வருதுன்னு கெடந்தேன். பொறவு உன்ற கொரல்ல ஒருக்கா கூப்ட்டுச்சு பாரு... எங்க என்னய மீறி ஏன்னு கேட்டுப்போடுவனோன்னு துண்ட வாய்ல கடிச்சுக்கிட்டேன்."

தோளில் கிடந்த துண்டை அந்தம்மா எடுத்துப் பார்த்தார். நனைந்த துணியில் பல் பதிந்து நூல் பிரிந்திருந்தது. அதாலேயே அவர் நெஞ்சில் ஓர் அடி போட்டுவிட்டு, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

தீயணைப்பு வண்டியில் அவரை ஏற்றி அனுப்பிய பின், கருவிகளைச் சுமக்கும் பெண் என்னிடம் வந்தார். இடுப்பிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியை அணைக்க மறந்துவிட்டதாகச் சொன்னார். பனிக்குள் நடந்தது முழுவதும் அதில் இருக்கிறதாம்.

"சார், கேக்கறீங்களா?"

என்னை "ஐயா" என்று அழைத்தவர் யாரென்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. அவர்கள் மூவருக்கும் நான் "சார்", மைத்துனர்களுக்கு "ஏனுங்க", அந்தம்மாவுக்கு "சாமி".

"வேண்டாம்மா" என்றேன். ஒருமுறை அழைத்ததோடு சரி. இன்னும் இரண்டு நினைவூட்டல் வரட்டும், பார்க்கலாம்.