‘இட்’ எங்கே உட்கார வேண்டும் என்று அறிந்தவர்

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. திருமங்கலம் பேருந்து நிலையத்தில் மாட்டுத்தாவணி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். அலுவலகக் குழுவில் முதலாளியின் மகன் கார்த்திக் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: “சகாயமேரி மேடம் பாஸ்ட் ஹெர் அவே.” படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, நடுவில் அந்த ‘ஹெர்’ வரக்கூடாதே என்பதுதான். சகாயமேரி அக்கா கண்ணில் பட்டால் விடமாட்டாரே என்று சிரிப்புக்கூட வந்தது. அக்கா இறந்துவிட்டார் என்று அந்த வரி சொல்வது அதற்குப் பிறகுதான் உறைத்தது. வண்டி வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. நான் ஏறவில்லை.

கார்த்திக்கைக் குறை சொல்ல முடியாது. ‘ஹெர்’ போன்ற சின்னச் சொற்களை நடுவில் வைக்கச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான். பாடம் கொஞ்சம் அதிகமாகப் படிந்துவிட்டது.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூ மார்க்கெட்டுக்குப் பின்னால், மல்லிகையைச் சரமாகக் கட்டி விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறிய நிறுவனம் எங்களுடையது. நாற்பது பெண்கள் பூக்கட்டுகிறார்கள். கடிதப் போக்குவரத்து முழுவதும் சகாயமேரி அக்காவின் பொறுப்பு. வீடு புதூரில், கணவர் அந்தோணி அண்ணன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பத்தொன்பது ஆண்டுகள் அக்காவுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவர். ஆங்கிலத்தில் அவர் எழுதியதில் ஒரு பிழை காட்டிவிட முடியாது. ஆனால் பேசமாட்டார். வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி என் பக்கம் தள்ளுவார். எனக்குப் பயம் கிடையாது, இலக்கணமும் கிடையாது. சீட்டைப் பார்த்துப் பாதி, பார்க்காமல் பாதி பேசிவிடுவேன். நான் பேசுவது எந்த மொழி என்று மறுமுனையில் சிலர் கேட்டதுண்டு.

நான் சேர்ந்த முதல் வாரம், குளிர் அறைக் கதவில் விளக்கைப் பற்றி ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’. மறுநாள் அதில் சிவப்பு மையில் ஓர் அம்புக்குறி. கடைசியில் நின்ற ‘இட்’டை நடுவுக்கு இழுத்து ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ என்று ஆக்கியிருந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘ஸ்விட்ச் ஆஃப் த லைட்’ சரியென்றால் இது மட்டும் ஏன் தப்பு என்று சண்டைக்குப் போனேன்.

அக்கா நிதானமாகச் சொன்னார்: “லைட்டுங்கிறது பேரு உள்ள ஆளு தம்பி. நடுவுலயும் இருப்பான், கடைசிலயும் இருப்பான். இட்டு, ஹிம்மு, ஹெர்ரு, தெம்மு எல்லாம் சின்ன ஆளுக. ஷேர் ஆட்டோல சின்ன ஆளை எங்க உக்கார வைப்பீங்க? நடுவுலதான?”

அன்றிலிருந்து கண்ணில் பட்ட சின்ன ஆளையெல்லாம் நடுவில் உட்கார வைக்க ஆரம்பித்தேன். பெட்டிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம் என்று சிங்கப்பூர்க்காரருக்கு எழுதும்போது ‘லுக் தெம் ஆஃப்டர்’ என்று எழுதிவிட்டேன். அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். ‘லுக் ஆஃப்டர்’ ஒட்டியே நிற்குமாம், நடுவில் யாரையும் விடாதாம். எது பிரியும், எது பிரியாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன்.

“பழகித்தான் தெரிஞ்சுக்கணும். மனுசங்களுக்கு மட்டும் எழுதியா வச்சிருக்கு?” என்றார்.

இந்த விஷயத்தில் அவருக்கு இடம் பொருள் கிடையாது. செல்போன்களை அணைக்கச் சொல்லி மாதா கோயில் வாசலில் பங்குச்சாமியார் ஒட்டிய அறிவிப்பையே பென்சிலால் திருத்தியிருக்கிறார். அந்தோணி அண்ணன் வெட்கப்பட்டு இரண்டு ஞாயிறு வேறு பூசைக்குப் போனார். சாமியார் என்னவோ, அதற்குப் பிறகு எல்லா அறிவிப்பையும் அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் ஒட்டினார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகூர்த்த மாதத்தில், ஒரு கல்யாணத்துக்காக லண்டனுக்குப் போன பெட்டிகள் வழியில் தாமதமாகி, மல்லிகை பழுப்பேறிப் போய்ச் சேர்ந்தது. அங்கே பூக்கடை வைத்திருக்கும் குஜராத்தி அம்மையார் கொதித்துப்போய் எழுதினார். எங்கள் பெட்டிகளில் பாதிக்கு மேல் அவருக்குத்தான் போகும். அன்று அக்கா விடுப்பு. கலங்காதீர்கள், இந்தக் கல்யாணம் முடியும்வரை உங்களுக்குத் துணை நிற்போம் என்று எழுதும்படி முதலாளி கார்த்திக்கிடம் சொன்னார். அக்கா எழுதும் ‘ஸீ யூ த்ரூ’ கார்த்திக்குக்கு அரைகுறையாக ஞாபகம் இருந்தது. ‘வீ வில் ஸீ த்ரூ யூ’ என்று தட்டி அனுப்பிவிட்டார்.

‘யூ’ நடுவில் இருந்தால், கஷ்டம் தீரும்வரை கூட இருப்போம் என்று பொருள். கடைசிக்குப் போனால், உங்கள் பித்தலாட்டத்தைக் கண்டுபிடித்துவிடுவோம் என்றாகிவிடும். பூ கெட்டதாகப் பொய் சொல்கிறேன் என்கிறீர்களா என்று அம்மையார் கேட்டார். இனி உங்கள் பூ வேண்டாம் என்றும் ஒரு வரி. முதலாளி நாற்காலியை விட்டு எழவே இல்லை. பூக்கட்டும் பெண்களில் மூத்தவரான ராசாத்தி வாசலில் வந்து நின்றார். “நாளைக்கு வரவாண்ணே, வேணாமா?” என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் அக்கா வந்தார். விஷயத்தைக் கேட்டார். வழக்கம்போல் ஒரு சீட்டு எழுதி என் பக்கம் தள்ளினார். நான் லண்டனுக்குப் போன் போட்டேன். அம்மையார் படபடவென்று பொரிந்ததில் சீட்டில் எந்த வரியில் இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. “மேடம், நாட் ஸீ த்ரூ மேடம், ஸீ த்ரூ” என்று ஏதோ உளறினேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். சீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் அவர் ஆங்கிலம் பேசி நான் கேட்டது அப்போதுதான்:

“மேடம், ஒன்லி த ப்ரோநவுன் இஸ் இன் த ராங் பிளேஸ். த ஹார்ட் இஸ் இன் த ரைட் பிளேஸ்.”

இடம் மாறியது ஒரு சொல் மட்டும்தான், எங்கள் மனம் மாறவில்லை என்று அர்த்தம். மறுமுனையில் அம்மையார் சிரித்த சிரிப்பு எங்கள் எல்லாருக்கும் கேட்டது. லண்டனுக்குப் போன புதிதில் தானும் இப்படி உளறி வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகளைச் சொன்னாராம். இருபது நிமிடம் பேசினார்கள். போனை வைத்துவிட்டு அக்கா ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார். “பேசிட்டேன் தம்பி,” என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு வெளியே போய், எல்லாரும் நாளைக்கு வாங்க என்று ராசாத்தியிடம் சொன்னார். மறு வாரத்திலிருந்து கார்த்திக் நோட்டும் கையுமாக அவர் மேசைக்கு வர ஆரம்பித்தார்.

போன வருடம் நுரையீரலில் கோளாறு என்றார்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். சாப்பாட்டு நேரத்தில் ஓர் இளம் நர்ஸ் வந்து மாஸ்க்கைக் காட்டி, “டேக் ஆஃப் இட், ஆன்ட்டி” என்றார். அக்கா கழற்றினார். மூச்சு வாங்க வாங்க, “டேக் இட் ஆஃப்மா” என்றார். அந்த நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு டியூட்டி முடிந்து போகும்போதெல்லாம் அக்கா கட்டிலுக்கு வந்து பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவாராம். அந்தோணி அண்ணன் சொன்னார்.

அடக்கத்தன்று காலை லண்டன் அம்மையார் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். மேரி இருக்கிறாரா என்று கேட்டார். என்ன வேண்டுமானாலும் பேசிவிடும் எனக்கு அன்று ஒரு சொல்கூட வரவில்லை. அவராகவே புரிந்துகொண்டார்.

கல்லறைத் தோட்டத்துக்கு ராசாத்தியும் மற்ற பெண்களும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். சாமியார் சொன்ன ஜெபம் அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு ஆமெனுக்கும் அரை விநாடி பிந்தி, சத்தமாக, ஆமென் சொன்னார்கள். குழி மூடியதும் யாரும் கிளம்பவில்லை. யார் முதலில் நகர்வது என்று தெரியாமல் அத்தனை பேரும் வெயிலில் அப்படியே நின்றோம்.

அக்கா, நீங்கள் இருந்திருந்தால் நிழலுக்குப் போங்கள் என்று எங்களை அதட்டியிருப்பீர்கள். அன்று சொல்ல ஆளில்லாததால் வெகுநேரம் உங்கள் பக்கத்திலேயே இருந்தோம். நிம்மதியாகத் தூங்குங்கள்.