போர்வைக்குள் பாடியவள்

எல்லோரும் மறந்துபோன ஆங்கில இசைத்தட்டுகளை ரேடியோவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்குரல் எழுந்ததும் கூச்சத்தில் என் காது சுட்டது.

அறுபதுகளில், மாட்டுங்காவில், ஒருநாள் இந்தப் பாட்டுக்காகத்தான் ரேடியோவைத் திருகினேன். அந்தக் கால ரேடியோவில் வால்வு சூடாகிப் பாடக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் ரேடியோ லைசென்ஸ் பார்க்கிறவர் கதவைத் தட்டினார். அப்போது ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும்; எங்களிடம் இல்லை. அம்மா அவசரமாக ரேடியோமேல் போர்வையைப் போட்டாள்.

"ரேடியோ நஹி ஹை, சாப்" என்று இந்தியில் இல்லையென்றார் அப்பா. நாங்கள் பொய் சொன்னால் அடிக்கிறவர்.

போர்வைக்குள்ளிருந்து அந்தப் பாடகி பாட ஆரம்பித்தாள். வந்தவர் சிரித்துவிட்டார்.

"அணைடி அதை!" அம்மா பல்லைக் கடித்தாள்.

அப்பா என்னைத் திட்டக்கூட இல்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பாட்டு இன்று யாருக்கும் நினைவிருக்காது" என்றார் இன்றைய ரேடியோ அறிவிப்பாளர்.

இப்போதும் யாரோ வந்து தட்டிவிடுவார்கள்போல, நான் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினேன்.