மூன்று முறை அறுந்த லைன்

வாசலில் கட்டிய எலுமிச்சம்பழத்தைக்கூடக் கழற்றி ஜூஸ் போட்டுக் குடிக்கிற ஆள் நான். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் தப்பில்லை, ஆனால் நடந்தது இதுதான்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கள் சாயப்பட்டறை ஊருக்கு வெளியே. அங்கே சாய மெஷின்களை ஓட்டுகிற கம்ப்யூட்டருக்குள் யாரும் நேராக நுழைய முடியாது. எங்கள் ஆபீஸ் மாடியில் இன்னொரு கம்ப்யூட்டர் உண்டு, முதலில் எஸ்.எஸ்.எச். என்ற தொலைவழி இணைப்பைப் போட்டு அதற்குள் போய், அங்கிருந்துதான் பட்டறைக்குத் தாண்ட வேண்டும். பாதுகாப்புக்காக நானே செய்த ஏற்பாடு.

ஒருநாள் காலை பதினொரு மணிக்குச் சாய மாஸ்டர் போன் செய்தார்.

"கண்ணு, மூணாம் நெம்பர் மெஷின் பாதியில நின்னு போச்சு. ஸ்கிரீன் அசையவே மாட்டேங்குது. அங்கிருந்தே ஓட்டி உடு, துணி திட்டுத் திட்டாப் போயிரும்."

"ரெண்டு நிமிசம் இருங்க மாஸ்டர்."

மாடிக் கம்ப்யூட்டர் வழியாக உள்ளே போனேன். மெஷினைத் தொடங்கும் உத்தரவை அடித்தேன், என்டரைத் தட்டப் போகும்போது லைன் அறுந்தது. திரும்பப் போனேன், அதே இடத்தில் அறுந்தது. மூன்றாவது முறையும் அப்படியே, விரல் என்டருக்கு மேல் நிற்கும்போது. இவ்வளவுக்கும் பக்கத்து ஜன்னலில் மெயில் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எரிச்சலோடு பட்டறைக்குப் போன் போட்டேன், மாஸ்டர் எடுத்ததும் கத்தினார்.

"ஓட்டிப்போடாத சாமி! அந்தோணி உள்ள இருக்கறான்!"

தென்காசிப் பக்கத்திலிருந்து பட்டறை வேலைக்கு வந்த பையன். மெஷின் நின்றுவிட்டதே என்று, சிக்கிய துணியை இழுக்க இடுப்பு வரை அதன் வாய்க்குள் நுழைந்திருக்கிறான். அவனை வெளியே இழுத்த பிறகு போனில் வந்தான். "ஓடியிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும்க்கா."

சாயங்காலம் மாடிக் கம்ப்யூட்டரின் பதிவுகளைத் திறந்தேன். லைன் தானாக அறுந்திருக்கவில்லை. மூன்று முறையும் யாரோ உத்தரவு அடித்து என்னைத் துண்டித்திருக்கிறார்கள். அதுவும் வெளியிலிருந்து இல்லை, அந்தக் கம்ப்யூட்டரின் சொந்தக் கீபோர்டிலிருந்து. அது இருக்கும் அறையின் சாவி என் கைப்பையில் இருந்தது. மேலே போய்த் திறந்தேன். பூட்டு, தூசி எல்லாம் அப்படியே. கீபோர்டே இல்லை! அதற்கு முந்தின மாதம் ஸ்டோர்ஸில் ஒன்று உடைந்துவிட்டது என்று நான்தான் அதைக் கழற்றிக் கொடுத்திருந்தேன்.

கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, "ஏதோ கோளாறுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அப்படியே நினைத்துக்கொள்வேன், அந்த முதல் உத்தரவு மட்டும் இல்லாவிட்டால். அதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. கம்ப்யூட்டர் புரியவில்லை என்று சொல்லியிருக்கிறது. அடுத்த வரியில் யாரோ அதைத் திருத்தி, சரியாக அடித்திருக்கிறார்கள். கோளாறு எழுத்துப் பிழை விடுமா? பதறிப்போய் அவசரமாக அடிக்கிற ஆள்தானே விடுவார்?