மழை நாளில் போர் கிடையாது

நாங்கள் ஆடிய போரில் குதிரை வீரர்கள் எல்லாருமே கங்காணிகள். சிரிக்காதீர்கள். ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில், எட்டு வயதில், வேலை வாங்குகிறவர் யார், செய்கிறவர் யார் என்பதைத் தவிர உலகத்தைப் பற்றி எங்களுக்கு வேறென்ன தெரியும்?

துரை பங்களாவில் பூச்செடி பார்த்துக்கொண்டிருந்த என் மாமாதான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். துரை மகன் போட்டுவிட்டுச் சீமைக்குப் போனது. உள்ளே பாயில் பாதி அகலத்துக்கு ஒரு வரைபடம். தேன்கூடு மாதிரிக் கட்டங்கள், நடுவே ஆறு, ஓரத்தில் கடல், கடலை ஒட்டி ஒரு கோட்டை. வாளும் வில்லும் பிடித்த பழங்காலத்து வெள்ளைக்கார வீரர்கள் அட்டைத் துண்டுகளாகக் குவிந்து கிடந்தார்கள். ஆட்டத்தின் விதிகள் ஆங்கிலத்தில் தனிப் புத்தகமாக இருந்தன. அத்தை அன்றைக்கே அதைக் கிழித்து அடுப்பு மூட்டிவிட்டார். நல்லதாய்ப் போயிற்று.

நானும் பக்கத்து வீட்டுச் சுருட்டையும் சொந்தமாக விதி செய்துகொண்டோம். அவள் தலைமுடியைப் பார்த்து, வரிசை வீடுகளாய் இருந்த எங்கள் லயமே வைத்த பெயர் அது. தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது மாதிரி, விடிந்ததும் இரண்டு படையும் பெரட்டுக்கு வந்து வரிசையாக நிற்க வேண்டும்; பேர் கூப்பிட்ட பிறகுதான் சண்டை. தொலைந்துபோன வீரனுக்குப் பதில் ஒரு ரப்பர் கொட்டை. மழை பெய்தால் பால் வெட்டு இல்லையே, ஆகவே மழை நாளில் போரும் கிடையாது. கோட்டை அவளுடையது. அது விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

மத்தியான வெயிலில் ரப்பர்க் காய்கள் உச்சியில் டப் டப்பென்று வெடிக்கும். கொட்டைகள் எங்கள் போர்க்களத்தில் வந்து விழும். தூரத்துச் சுண்ணாம்பு மலைகள் புகை மாதிரி நிற்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் படத்தில் இருக்கும் ஆறு ஓட ஆரம்பித்துவிடும். குதிரையை நேரில் பார்த்தே இராத எனக்கு அதன் கனைப்புக்கூடக் கேட்டது. அப்பா, என்ன சுகம் அது!

அந்த வருடம் பெரியவர்கள் கூடினால் சிவப்புக் கார்டுப் பேச்சுதான். அடையாளக் கார்டு சிவப்பாக இருந்தால் மலேசியக் குடியுரிமை இல்லை, பெர்மிட் கிடைக்காவிட்டால் வேலையும் இல்லை, இந்தியாவில் இருக்கும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்றார்கள். எங்கள் வீட்டில் நீலம். சுருட்டையின் அப்பாவுக்குச் சிவப்பு. எனக்கு நீலம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. என் படை கோட்டையை மூன்று பக்கமும் வளைத்து நிற்க, நான்காவது பக்கம் கடல். இன்னும் ஒரே ஒரு நாள் வெயில் அடித்தால் கோட்டை எனக்கு!

"ச்சே, என் கங்காணிங்க சும்மா குந்தியிருக்காங்கடி."

"குந்தட்டும்லா," என்றாள் சுருட்டை, வானத்தைப் பார்த்தபடி. "இந்த மழை விடவே கூடாது."

விட்டது. அன்று அவள் தன் வீரர்களை ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டாள். அவசரமே இல்லாமல் கூப்பிட்டாள். கூப்பிட்டு முடித்ததும் சண்டைக்கு வராமல், அவர்களை ஒவ்வொருவராக நகர்த்திக் கடலில் வைக்க ஆரம்பித்தாள்.

"ஏய், சண்டை போடுடி!"

"மாட்டேன். இவங்கெல்லாம் போறாங்க."

"கடல்ல போனா முங்கிடுவாங்க."

"கப்பல் வரும்லா."

குனிந்து பார்த்தேன். படத்தில் ஒரு படகுகூட இல்லை. "எங்கடி இருக்கு கப்பல்?"

"பினாங்குக்கு வரும். அப்பா சொன்னாரு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஆட்டத்தில் அவள் அப்பாவுக்கு என்ன வேலை? காலிக் கோட்டைக்குள் என் கங்காணிகளை நிறுத்திவிட்டு, ஜெயித்தேன் ஜெயித்தேன் என்று லயம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். சாயங்காலம் பக்கத்து வீட்டில் மரப்பெட்டிக்கு ஆணி அடித்தார்கள். என் அம்மா அங்கே போய்விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் புதுச் சண்டைக்குக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியும்போதே மறுபடி மழை. சுருட்டை வரவில்லை. மழை நாளில் போர் கிடையாதே, அதனால்தான் வரவில்லை என்று நினைத்தேன். இரண்டு படையையும் பெரட்டுக்கு நிறுத்தி வைத்துவிட்டு, மழை விடட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.